குறுந்தகட்டுப் பதிவுக் கருவி: எதைத் தேர்வது?

வருகின்ற பொங்கல் விழாவுக்கு, நம் மன்றத்து நண்பர்கள் தாமே எழுதி இசையமைத்த ஐந்து பாடல்களைப் பதிவு செய்து குறுந்தகடாக வெளியிடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. துவாரகாவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் அடுக்ககத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கித் தந்திருக்கின்றார். மேடை விழாக்களுக்கென முன்பே வாங்கிய மிக்ஸர் இருக்கின்றது, மைக்குகள் இருக்கின்றன, மிருதங்கமும் ஆர்மோனியமும் புல்லாங்குழலும் வாசிப்போர் இருக்கின்றனர். இல்லாதது ஒன்றுதான்: மிக்ஸரிலிருந்து வெளிவரும் ஒலியை வாங்கித் தகட்டில் எழுதுகின்ற கருவி. அதை வாங்குவதற்கு மன்ற நிதியிலிருந்து பணம் ஒதுக்கலாமா என்னும் வினா அடுத்த கூட்டத்தில் வர இருக்கின்றது.

அந்த நிதி நம் எல்லோருடைய சந்தா. வீட்டிலிருந்து வரும் பணத்தில் மிச்சம் பிடித்துத் தந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே கை தூக்குமுன் பொருளைத் தெரிந்துகொள்வது நம் கடமை. இத்துறையில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகின்றேன். என் கருத்தையும் முதலிலேயே கூறிவிடுகின்றேன். கருவிக்குள் ஒலி எவ்வளவு தெளிவாகப் போகின்றது என்று எல்லோரும் பார்க்கின்றனர். உள்ளே போன ஒலி எவ்வளவு எளிதாகத் திரும்ப வெளியே வரும் என்று பார்ப்போர் மிகச் சிலர். இரண்டாவதைப் பார்த்தே கருவியைத் தேர வேண்டும் என்பது என் கருத்து.

கலவைப் பதிவு

ஒரு பாட்டில் பல ஒலிகள் சேர்ந்து வருகின்றன. அவற்றுள் எது உயர வேண்டும், எது தாழ வேண்டும், எது இடப்பக்கம் கேட்க வேண்டும், எது வலப்பக்கம் கேட்க வேண்டும் என்று அளவிட்டு, இரண்டே வழிகளாகச் சுருக்குவதைத்தான் கலவைப் பதிவு என்கின்றோம். ஒலிப்பதிவுக் கூடங்களில் இதனை ‘மிக்ஸ்டவுன்’ என்பர். குழம்பில் உப்பு கரைந்தபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோலவே, கலந்தபின் மிருதங்கத்தை மட்டும் தனியே தாழ்த்த முடியாது.

78 சுற்று இசைத்தட்டுகளின் தொடக்க காலத்தில் கலவை என்பதே இடம் பார்த்து நிற்பதுதான். உரத்த ஒலியுடையவர் பின்னே நிற்பர். மெல்லிய ஒலியுடையவர் முன்னே வருவர். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே இடம் இருந்தது. பின்னர்க் காந்த நாடா வந்தது. பல தடங்களைத் தனித்தனியே எழுதிப் பிறகு கலக்கும் வழி பிறந்தது. அந்த வசதி பெரிய கூடங்களை விட்டு வீட்டுக்கு இறங்கி வந்ததற்கு நாம் அறிந்த சான்று ஏ. ஆர். ரகுமான். சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அவர் அமைத்த கூடத்திலே உருவான இசைதான் 1992-இல் ‘ரோஜா’ படத்தின் வழியே நாடெங்கும் பரவியது.

இங்கே முதல் கேள்வி எழுகின்றது: நம் கலவை எங்கே நடக்கப் போகின்றது? எல்லாத் தடங்களும் லேப்டாப்புக்குள்ளே இருந்து, அங்கேயே கலக்கப்படுமானால், தனிப்பட்ட பதிவுக் கருவி எதுவும் தேவையில்லை. கலந்த பாட்டை லேப்டாப்பே ஒரு கோப்பாக எழுதிவிடும். கலவை மிக்ஸரில் கைவிரல்களால் நடக்குமானால், அதன் இரு வழி ஒலியை வாங்கிக்கொள்ள வெளியே ஒரு கருவி வேண்டும். நம் நண்பர்கள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வாசிக்க, அப்பொழுதே கலந்து எழுதுவதாகத்தான் திட்டம். ஆகவே நமக்கு வெளிக் கருவி தேவைப்படுகின்றது. அது குறுந்தகட்டுக் கருவியாகவே இருக்க வேண்டுமா என்பதை மேலே காண்போம்.

தகட்டில் ஒலி எழுதப்படும் விதம்

குறுந்தகட்டின் இலக்கணத்தைப் பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980-இல் வகுத்தன. 1982-இல் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அந்த இலக்கணப்படி ஒலி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்படுகின்றது. இரு வழிகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். ஒரு தகட்டில் 74 அல்லது 80 நிமிடம் அடங்கும்.

கடையில் வாங்கும் பாட்டுத் தகட்டில் பள்ளங்கள் அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. நாம் எழுதுகின்ற வெற்றுத் தகட்டின் அமைப்பு வேறு. 1990-இல் அதற்கெனத் தனி இலக்கணம் வெளிவந்தது. அதில் சுருள் வடிவாக ஒரு வழி முன்பே வரையப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு சாயப் பூச்சும், சாயத்தின்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சும் இருக்கும். எழுதும் கருவியின் லேசர் கதிர் சாயத்தைச் சுட்டு நிறம் மாற்றுகின்றது. படிக்கும் கருவி அந்த மாற்றத்தைப் பள்ளமென்றே எடுத்துக்கொள்கின்றது. ஒரு முறை சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. அழித்து எழுதக்கூடிய இன்னொரு வகைத் தகடும் உண்டு. அது ஒளியைக் குறைவாகவே திருப்புவதால் பழைய வீட்டுக் கருவிகள் பல அதைப் படிப்பதில்லை.

எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிச் செல்கின்றது. எல்லாப் பாடல்களையும் எழுதி முடித்தபின், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகின்றது என்னும் பொருளடக்கத்தைக் கருவி உள்வட்டத்தில் எழுதி முத்திரையிட வேண்டும். கருவியில் இதனை ‘ஃபைனலைஸ்’ என்று குறித்திருப்பர். முத்திரையிடாத தகட்டை, எழுதிய கருவி பாடும். மற்ற வீட்டுக் கருவிகள் பாடா.

இரு வகைக் கருவிகள்

தனித்து நின்று எழுதும் குறுந்தகட்டுக் கருவிகள் இரு வகைப்படும். ஒன்று வீட்டுக்கென்று செய்தது. மற்றொன்று தொழிலுக்கென்று செய்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். வேறுபாடு உள்ளே இருக்கின்றது.

எண்முறையில் நகல் எடுத்தால் தரம் குறைவதில்லை. எனவே நகல்கள் பெருகிவிடுமே என்று இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. அமெரிக்காவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வீட்டுப் பதிவுக் கருவிகளில் ஒரு பூட்டு வைக்கப்பட்டது. மூலத்திலிருந்து ஒரு தலைமுறை நகலை அது விடும். நகலிலிருந்து அடுத்த நகலை எண்முறையில் எடுக்க விடாது. அத்தோடு, வெற்றுத் தகடுகளின் விலையில் இசைத்துறைக்கு ஒரு பங்கும் சேர்ந்தது. அந்தப் பங்கு செலுத்திய ‘இசைத் தகடு’களை மட்டுமே வீட்டுக் கருவிகள் ஏற்கும்படி செய்தனர். 1997-இல் பிலிப்ஸ் விற்ற சி.டி.ஆர் 870 போன்றவை இவ்வகை. அமெரிக்கச் சட்டம் நமக்குப் பொருந்தாது எனினும், கருவி எங்கே போனாலும் பூட்டு அதனோடு போகின்றது. கணிப்பொறிக்கு விற்கும் சாதாரணத் தகட்டை இட்டால் அது ஏற்காது. தில்லிக் கடையில் கேட்டால் கிடைப்பதோ சாதாரணத் தகடுதான்!

தொழிற்கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. டாஸ்காம் நிறுவனத்தின் சி.டி-ஆர்.டபிள்யூ 900 வரிசைக் கருவிகள் சாதாரணத் தகட்டை ஏற்பவை. அவற்றுள் 901 என்னும் எண்ணுடையது, கூடங்களில் வழங்கும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர் இணைப்புகளையும் கொண்டது. அலிசிஸ் நிறுவனத்தின் மாஸ்டர்லிங்க் எம்.எல் 9600 இன்னொரு படி மேலே சென்றது. அது பாட்டை முதலில் தன்னுள் இருக்கும் வன்வட்டில் 24 பிட் அளவிலே எழுதிக்கொள்ளும். தலையையும் வாலையும் வெட்டிச் சீர்செய்து, பாடல்களை வரிசைப்படுத்திய பின்னரே தகட்டில் எழுதும். நேரே தகட்டில் எழுதுவதை விட இது மேலான முறை.

அலமாரியில் உள்ள பெட்டி

இவையெல்லாம் ஏட்டுக் கல்வி என்று நண்பர்கள் எண்ணலாம். நம் மன்ற அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள அட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நமக்கு முன்னே இங்குப் பயின்றவர்கள் 2006 முதல் சில ஆண்டுகள் எழுதி வைத்த தகடுகள் அதில் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் இட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை நன்றாகவே பாடின. இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 

ஒன்றில், அந்நாளைய மாணவர் ஒருவருடைய பாட்டியின் தாலாட்டுகள் இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்திலிருந்து பேரனைப் பார்க்கத் தில்லி வந்திருந்தபோது பாடியவை என்று உறையில் எழுதியிருக்கின்றது. முதல் ஆறு பாடல்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஏழாவதில் குரல் விட்டுவிட்டு வருகின்றது. எட்டாவது பாட்டுக்குக் குரலே இல்லை, கரகரப்புத்தான். கடைசிப் பாடல்கள் இருப்பது தகட்டின் வெளி ஓரத்தில் அல்லவா? பூச்சு முதலில் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்த மாணவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், வேறு படி தம்மிடம் இல்லை என்றும் அவர் விடை எழுதினார். 

இரண்டாவது தகடு கீறலின்றிப் புதிதுபோலவே இருக்கின்றது. ஒளியில் பிடித்துப் பார்த்தால், எழுதிய பகுதி நிறம் மாறித் தெரிகின்றது. ஆயினும் எந்தக் கருவியும் அதைப் படிக்கவில்லை. காரணம், எழுதியவர்கள் முத்திரையிடாமல் விட்டுவிட்டனர். எழுதிய கருவியோ எப்பொழுதோ பழைய சாமான்களோடு விலைக்குப் போய்விட்டது. பூட்டிய பெட்டி நம்மிடம் இருக்கின்றது; சாவி இல்லை. 

உள்ளே போன ஒலி வெளியே வருமா என்று நான் முதலில் கேட்டதன் பொருள் இதுதான்.

தகட்டையே நம்பியிருப்பதில் இன்னொரு இடரும் உண்டு. துவாரகாவிலிருந்து புறப்படும் நீலவழி மெட்ரோ யமுனையைக் கடந்து நொய்டாவுக்குச் செல்கின்றது. அந்த நொய்டாவிலும் அடுத்துள்ள கிரேட்டர் நொய்டாவிலும்தான் மோசர் பேயர் நிறுவனத்தின் ஆலைகள் இருந்தன. 1983-இல் தில்லியில் தொடங்கிய அந்நிறுவனம், வெற்றுத் தகடு செய்வதில் உலகின் முன்னணியாளருள் ஒன்றாக வளர்ந்தது. தமிழ்ப் படங்களையும் குறைந்த விலைத் தகடுகளாக விற்றது. உலகம் தகட்டை விட்டு விலகியதும் அதன் கடன் ஏறியது; 2018-இல் அதைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் ஆணையிட்டது. தகடு செய்த பேராலைக்கே அந்நிலை என்றால், இன்னும் 20 ஆண்டு கழித்துத் தகடு படிக்கும் கருவிக்கு எங்கே போவோம்?

துவாரகாவுக்கு உரிய இடர்கள்

நாம் பதிவு செய்யப் போகும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துவாரகா விமான நிலையத்துக்கு அண்டை வீடு. சன்னலை அடைத்தாலும் தலைக்கு மேலே செல்லும் விமானத்தின் ஒலி மைக்கில் ஏறும். நேரே தகட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் நிமிடத்தில் விமானம் வந்தால், அந்தப் பாட்டு கெட்டதுதான். சுட்ட சாயத்தை அழிக்க வழியில்லை. மறுபடி பாடினால் அதே தகட்டில் அடுத்த தடமாகத்தான் ஏறும். நான்கு முறை பாடினால் நான்கு தடங்கள். வேண்டாத மூன்றும் தகட்டிலேயே கிடக்கும்.

எழுதும்பொழுது மின்சாரம் போனாலோ தகடே பாழாகலாம். எனவே இன்வெர்ட்டர் உள்ள வீடாக இருப்பது நல்லது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலும் சாயத்துக்குப் பகை. எழுதிய தகட்டைச் சன்னலோரத்தில் வைத்தல் கூடாது.

இன்னொன்று நம் இசையைச் சார்ந்தது. ஒலி சில விநாடி ஓய்ந்தால் பாட்டு முடிந்ததென்று கொண்டு, தானே புதிய தட எண் இடுகின்ற ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. விருத்தம் பாடுவோர் அடிக்கு அடி நிறுத்துவது நம் மரபு. கருவிக்கு அது தெரியாது. ஒரு விருத்தத்தை நான்கு பாட்டாக வெட்டிவிடும். ஆகவே, அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்துக் கையால் எண் இடும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

புதிய கருவிகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய கருவியைத் தேடுவோர் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போகலாம். துவாரகாவிலிருந்து மண்டி ஹவுஸ் வரை சென்று, அங்கே வண்டி மாறி லால் கிலா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். போகும்போது இரண்டு வெற்றுத் தகடுகள், ஒரு ஹெட்போன், பாட்டு உள்ள ஒரு கைப்பேசி, அதை இணைக்கும் கம்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் பின்புறத்தைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட்டிலும், ஜப்பானுக்கென்று செய்தது 100 வோல்ட்டிலும் ஓடும். நேரே செருகினால் புகைதான் மிஞ்சும்.

அடுத்து, ஒலி நுழையும் வாயில்கள். தொழிற்கருவிகளின் ஒலி அளவு ஏறத்தாழ 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் அளவு 0.316 வோல்ட். இவை பொருந்தாவிட்டால் ஒலி சிதையும். அல்லது இரைச்சலில் அமுங்கும். நம் மிக்ஸரின் வெளியீட்டுக்கு ஏற்ற வாயில் வேண்டும். அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், அதைக் காட்டும் மீட்டரும் வேண்டும். எண்முறைப் பதிவில் உச்சத்தைத் தாண்டிய ஒலி வெட்டுண்டு போகும். ஆதலால், மிக உரத்த இடத்திலும் மீட்டர் உச்சத்துக்கு 3 முதல் 6 டெசிபெல் கீழே நிற்கும்படி வைப்பது நல்லது.

மூன்றாவது, சாதாரணத் தகட்டை ஏற்கின்றதா என்பது. கடைக்காரர் சொல்லை நம்பாமல், கொண்டுபோன தகட்டை இட்டு ஒரு பாட்டை எழுதுங்கள். முத்திரையிடுங்கள். பிறகு அதை வேறொரு கருவியில் பாடவிட்டுக் கேளுங்கள். பழைய கருவிகளில் முதலில் தளர்வது லேசர்தான். எழுதிய கருவியே நன்றாகப் பாடினால் போதாது. அயலான் கருவியும் பாட வேண்டும்.

நான்காவது, தொலையியக்கி. சில கருவிகளில் சில வேலைகளை அதிலிருந்து மட்டுமே செய்ய முடியும். அது இல்லாமல் கருவியை வாங்குவது, திறவுகோல் இல்லாத வீட்டை வாடகைக்குப் பிடிப்பது போலாகும்.

நாம் செய்யத் தக்கது

இவற்றையெல்லாம் பார்த்தபின், குறுந்தகட்டுக் கருவியை முதல் பதிவுக்கு வாங்க வேண்டாம் என்பதே என் துணிபு. அதே வேலையை, அதைவிட எளிதாகச் செய்யும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஜூம், டாஸ்காம் முதலிய நிறுவனங்கள் செய்யும் கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றை, மிக்ஸரின் ஒலியை நேரே வாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கலாம். அது எஸ்.டி. கார்டில் சாதாரண வேவ் கோப்பாக எழுதும். எந்தக் கணிப்பொறியும் அதைத் திறக்கும். விமானம் குறுக்கிட்டால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். பேட்டரியில் ஓடுவதால் மின்தடைக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. 24 பிட், 48,000 அளவில் எழுதினாலும் நிமிடத்துக்கு 17 மெகாபைட் அளவே ஆகும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 90 மெகாபைட்டும் ஆகாது.

அப்படியானால் தகடு வேண்டாமா? வேண்டும். ஊரில் நம் பெற்றோர் பலர் வீட்டில் பழைய குறுந்தகட்டுக் கருவி இன்னும் இருக்கின்றது. உறையின்மேல் மகன் பெயரும் மகள் பெயரும் அச்சிட்ட தகட்டைக் கையில் வாங்கும் மகிழ்ச்சி, கைப்பேசிக்கு அனுப்பும் இணைப்பில் வராது. அந்தப் படிகளைக் கோப்பிலிருந்து லேப்டாப்பின் வழியே எழுதிக்கொள்ளலாம். யு.எஸ்.பி.யில் இணைக்கும் எழுதி ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு படியையும் முத்திரையிட்டு, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் கேட்டுப் பார்த்த பின்னரே உறையில் இட வேண்டும். தகடு கொடுப்பதற்கு உரியது. காப்பதற்கு உரியது அன்று.

காப்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று வேறோர் ஊரில். மன்றக் கணிப்பொறியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, தமிழகத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஒன்று என்று வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, புதிய செயற்குழு பொறுப்பேற்கும் நாளில், மூன்றையும் திறந்து பாட வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும்.

இன்னொரு வேலையும் காத்திருக்கின்றது. அட்டைப் பெட்டியில் இன்னும் நன்றாகப் பாடுகின்ற தகடுகளைப் பொங்கலுக்கு முன்பே கோப்புகளாக எடுத்துவிட வேண்டும். இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். லேப்டாப்பும் சற்றுப் பொறுமையும் உடையவர்கள் தம் பெயரை மன்றச் செயலாளரிடம் கொடுங்கள். பாட்டியின் ஆறு தாலாட்டுகளை நான் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன். மற்றவற்றை நாம் எல்லோரும் சேர்ந்து எடுப்போம்.